இருபத்து மூன்று அடுப்புகளின் புகை

எங்கள் ஊரில் எல்லாமே முறைதான். வாய்க்காலில் தண்ணீர் திருப்புவது முறை, வெள்ளிச் சுரங்கத்துக்கு ஆள் அனுப்புவது முறை, வெள்ளைக்காரர் வீட்டில் ஆறு மாதம் அடுப்பு ஊதுவது முறை. கடைசியில் பொறுக்க முடியாமல் அந்த வெள்ளைக்காரர்களை எதிர்த்து எழுந்து, சுக்கியாபு நகரத்தை அதன் மதிலோடு சேர்த்து வளைத்தோமே, அதையும் முறை வைத்துத்தான் செய்தோம். ஓர் ஊருக்கு இருபது நாள். மேட்டில் உட்கார்ந்து மதிலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பிறகு அடுத்த ஊர் வந்து மாற்றிவிடும். வேறு எந்தச் சனமாவது இப்படிக் கலகம் செய்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம்தான்.

ஆயிரத்து எழுநூற்று எண்பத்தொன்று, உறைபனி மாதம். ஓடைக்கு மேலே உள்ள மேட்டை எங்கள் உமாபத்தா ஊருக்கு ஒதுக்கியிருந்தார்கள். இருநூற்று முப்பது ஆண்கள், இருபத்து மூன்று கல்லடுப்புகள். சமைக்கப் போன பெண்களில் நானும் ஒருத்தி, மிக்கேலா. முதுகில் மூன்றரை மாதப் பிள்ளையைக் கட்டிக்கொண்டு போயிருந்தேன். கீழே பள்ளத்துக்குள் நகரம். உள்ளே என் தங்கை சிமோனா.

அவள் உள்ளே இருந்ததற்குக் காரணம் நான். ரெமெதியோஸ் என்ற வெள்ளைக்கார விதவை வீட்டில் வேலை செய்ய வேண்டிய முறை என்னுடையது. எனக்கு நிறைமாதம். "நீ புள்ளயப் பெத்துக்க, நான் போறேன்" என்று கிளம்பிவிட்டாள். அவள் போன பத்தாம் நாள் பிள்ளை பிறந்தது. அதற்கு அடுத்த வாரம் நகரத்தை வளைத்துவிட்டோம். அன்றிலிருந்து உள்ளே யாரும் போகவில்லை, வெளியே யாரும் வரவில்லை. உள்ளே கோவேறு கழுதையைத் தின்கிறார்கள், பூனையைத் தின்கிறார்கள், சேணத்தை ஊறவைத்துத் தின்கிறார்கள் என்று செய்தி வரும்போதெல்லாம் எங்கள் ஆட்கள் சந்தோஷப்பட்டார்கள். நானும் கூடவே சிரித்துவிட்டு, மறைவாகப் போய் அழுவேன்.

மதில்மேல் காவல் இருப்பவர்கள் தினமும் காலையில் எங்கள் புகையை எண்ணுவார்கள். ஓர் அடுப்புக்குப் பத்து ஆள் என்பது அவர்களுக்கும் தெரிந்த கணக்கு. நாங்களும் அவர்களுடைய கூரைப் புகைகளை எண்ணினோம். வாரத்துக்கு வாரம் அது குறைந்துகொண்டே வந்தது. மணிக்கூண்டுக்கு இடப்பக்கம் மூன்றாவது கூரை சிமோனா இருந்த வீடு. அதில் ஐந்து நாளாகப் புகை இல்லை.

இப்படி இருக்கும்போதுதான் ஒருநாள் பனி விழுந்தது. சும்மா பனி இல்லை, கல்லைப் பிளக்கிற உறைபனி. விடிந்ததும் எங்கள் ஊர்த்தலைவர் எஸ்தெபான் கென்ட்டா பரபரவென்று எல்லோரையும் எழுப்பினார். இந்தப் பனியில் மூன்று இரவு உருளைக்கிழங்கைப் பரப்பி உறைய வைத்து, பகலில் காலால் மிதித்துத் தண்ணீரை எடுத்துக் காயவைத்தால்தான் பனிக்கிழங்கு. அது இல்லையென்றால் வருஷம் முழுக்கப் பட்டினி. கலகம் இன்னொரு நாள் செய்யலாம், பனியை இன்னொரு நாள் வரச்சொல்ல முடியாது.

"நம்ம முறை முடிஞ்சுது. கிளம்புங்க," என்றார் தலைவர்.

"நம்மள மாத்திவிடுற சாக்காமார்க்கா ஊர்க்காரங்க வந்தாச்சா தலைவரே?" என்று கேட்டேன்.

"வந்தாச்சு. முகட்டுக்கு அந்தாண்ட கஞ்சி குடிச்சுக்கிட்டிருக்காங்க."

"யாரு பாத்தது?"

"பாத்தவன் சொன்னான்."

"அந்தப் பாத்தவன் யாருங்கறேன்."

"ஒன் புருஷனுக்கு இந்த வாய்ல பாதி இருந்திருந்தா அவன் உருப்பட்டிருப்பான்," என்றார் அவர். என் வீட்டுக்காரர் புருனோ பக்கத்தில் நின்று பல்லைக் காட்டினார். "நீ கைப்புள்ளக்காரி, எப்படியும் மெதுவாத்தான் நடப்ப. அவங்க வந்து சேர்ற வரைக்கும் புகைய மட்டும் விட்டுக்கிட்டு இரு. உச்சி வெயிலுக்குள்ள வந்துருவாங்க."

புருனோ கவணைக் கழற்றி என் கையில் கொடுத்தார். "பேசாம நீயும் வந்துரேன்."

"சிமோனாவ விட்டுட்டா?"

"இங்க ஒக்காந்திருந்தா அவ வந்துருவாளா?"

"என் முறைக்குப் போனவ. நான் அந்தக் கூரையப் பாத்துக்கிட்டாவது இருக்கேன். நீங்க போய்க் கிழங்க மிதிங்க."

போய்விட்டார்கள். இருநூற்று முப்பது ஆண்களும் சமையல்காரிகளும் லாமாக்களும் பாறைக்குப் பின்னால் இறங்கி மறைய அரைநாழிகைகூட ஆகவில்லை. வீட்டுக்குப் போகிற வேகத்தில் பாதி வேகம் மதிலை நோக்கிப் போயிருந்தால் என்றைக்கோ நகரத்தைப் பிடித்திருக்கலாம்.

இருபத்து மூன்று அடுப்பில் ஒருத்தி புகை விடுவது எப்படி என்று யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. லாமாப் புழுக்கையை ஒரு கோணியில் நிரப்பி இழுத்துக்கொண்டு ஓடினேன். ஓர் அடுப்பில் போட்டு, மேலே ஈரப்புல்லை வைத்து ஊதிவிட்டு அடுத்ததற்கு. கடைசி அடுப்புக்குப் போய்ச் சேரும்போது முதல் அடுப்பு அணைந்திருக்கும். முதுகில் பிள்ளை இருமியது. உச்சி வெயில் வந்தது, சாக்காமார்க்கா வரவில்லை.

அவர்களுக்குப் பதிலாக, கலகத்தை நடத்துகிறவர்கள் இருந்த பெரிய கூடாரத்திலிருந்து ஒரு தூதன் மூச்சு வாங்க ஓடிவந்தான். மதில் குண்டுக்குப் பயந்து பாறை மறைவிலேயே நின்றுகொண்டு கேட்டான்.

"உமாபத்தா ஆளுங்கதானே? ஒங்க முறைய அமாவாசை வரைக்கும் நீட்டிச்சாச்சு. தலைவர்கிட்டச் சொல்லிரு. எத்தனை பேரு இருக்கீங்க?"

இரண்டு பேர், அதில் ஒன்று பால்குடிக்கிறது என்று சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால் என் ஊர் ஓடிப்போன ஊர் ஆகிவிடும். ஓடிப்போனவர்களுக்குப் பெரிய கூடாரத்தில் என்ன தண்டனை என்று எனக்குத் தெரியும்.

"அடுப்ப எண்ணிக்குங்க," என்றேன்.

எண்ணிக்கொண்டு போய்விட்டான். நீட்டித்தார்களா, முடிந்ததா, வந்தார்களா, வரவே இல்லையா என்று எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஒன்று மட்டும் தெரிந்தது. இந்தப் புகை நின்றால் மதில் கதவு திறக்கும். ஓடையைத் தாண்டி வருகிற பாதை நேராக எங்கள் ஊருக்குத்தான் போகிறது. அங்கே அத்தனை பேரும் செருப்பில்லாமல் கிழங்குக்குள் நின்றுகொண்டிருப்பார்கள். அதே சமயம் கதவு திறந்தால் சிமோனாவும் வெளியே வரலாமே என்றும் தோன்றியது. அதை நினைத்துக்கொண்டே ஓர் அடுப்பின் முன்னால் ஊதாமல் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு ஊதினேன்.

வெயில் சாய்கிற நேரத்தில் முகட்டிலிருந்து ஒரு குள்ள மனிதர் இறங்கிவந்தார். ஐம்பது வயதிருக்கும். தோளில் ஊதுகொம்பு, கன்னத்தில் ஒதுக்கி மெல்லும் கோகா இலை உருண்டை. தூரத்திலிருந்தே பேசிக்கொண்டு வந்தார். யாரிடம் என்றுதான் தெரியவில்லை.

"யாரு நீங்க?" என்றேன்.

"நான்தாம்மா சாக்காமார்க்கா."

"மத்தவங்க எங்க?"

"மத்தவங்க கிழங்கு மிதிக்கிறாங்க. பனி முடியிற வரைக்கும் உமாபத்தாக்காரங்களே இருப்பாங்கன்னு எங்க தலைவர் கேள்விப்பட்டாராம்."

"யாரு சொன்னதாம்?"

"தலைவர்கிட்ட யாரு சொன்னதுன்னு கேக்க முடியுமா? ஒங்க ஊர்ல கேப்பீங்களா?"

"நான் கேட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"என் வாயப் பத்திப் பேசினாரு."

அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அவர் பெயர் கசிமிரோ. நிலம் இல்லாதவர், மிதிக்கக் கிழங்கும் இல்லை. அதனால்தான் போய் முகத்தைக் காட்டிவிட்டு வரும்படி அவரை மட்டும் அனுப்பியிருந்தார்கள். "முகத்தக் காட்டிட்டேன், நல்லாப் பாத்துக்க," என்று என் முன்னால் வந்து நின்றார்.

பாதி அடுப்புகளை அவரிடம் ஒப்படைத்தேன். வேலையைவிட வாய்தான் அதிகம். பெண்டாட்டி ஃபெர்மினா சமைக்கிற ஆட்டுக்குடல் கஞ்சி, தன் கொம்பின் வயது, வெள்ளைக்காரர்கள் ஏன் மூக்கால் பேசுகிறார்கள் என்று ஒவ்வோர் அடுப்புக்கும் ஒரு கதை. ஆனால் அவர் பேச்சைக் கேட்டுக்கொண்டே ஓடியதில் எனக்குக் கால்வலி தெரியவில்லை. சிமோனாவைப் பற்றியும் சொன்னேன். மணிக்கூண்டுக்கு இடப்பக்கம் மூன்றாவது கூரை எது என்று அவர் தேடிப் பார்த்தார்.

மறுநாள் நடுப்பகலில் மதிலின் கிழக்குத் திட்டிவாசல் திறந்தது. ஒரே ஒரு பெண், குச்சியில் வெள்ளைத் துணி கட்டிப் பிடித்துக்கொண்டு ஓடையைத் தாண்டி மேட்டை நோக்கி ஏறிவந்தாள்.

எங்கள் பக்கத்தில் முகத்தைப் பார்த்து ஆளைச் சொல்வதில்லை, போர்வையைப் பார்த்துச் சொல்வோம். கருஞ்சிவப்பில் மூன்று மஞ்சள் கோடு என்றால் உமாபத்தா. ஓரத்துப் பறவைக்கண் பின்னலில் இடது மூலையில் ஒரு கண் விட்டுப்போயிருந்தால் அது சிமோனாவின் போர்வை, ஏனென்றால் அதை நெய்து அந்தக் கண்ணை விட்டவள் நான். பார்த்தேன். கோணியைப் போட்டுவிட்டுச் சரிவில் விழுந்தடித்து ஓடினேன். "சிமோனா, சிமோனா" என்று கத்திக்கொண்டே மடியிலிருந்த அவித்த கிழங்கைக் கையில் எடுத்துவிட்டேன். அவளைக் கட்டிப்பிடித்துத் தோளில் முகத்தைப் பதித்தபோது வேறு வாசனை வந்தது.

விலகிப் பார்த்தேன். சிமோனா இல்லை. ரெமெதியோஸ். கன்னம் ஒட்டி, கண் குழிந்து, என் தங்கையின் போர்வைக்குள் நின்றுகொண்டிருந்தாள். என் கையிலிருந்த கிழங்கை வாங்கி அப்போதே தின்ன ஆரம்பித்துவிட்டாள்.

"சிமோனா எங்க?"

"வீட்ல. உசுரோட இருக்கா." இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவள், எங்கள் பேச்சு தண்ணீர் பட்ட பாடு. "காலு வீங்கிப்போச்சு. தண்ணிக்குடம் தூக்க மாட்டேங்குறா."

"அவ போர்வைய நீங்க எதுக்குப் போட்டிருக்கீங்க?"

"இதப் போட்டுக்கிட்டு வந்தா ஒங்க ஆளுங்க கல்லெறிய மாட்டாங்கன்னு சொன்னாங்க."

"அவளுக்குக் குளிராதா?"

"என் பட்டு மேலாடையக் குடுத்திருக்கேனே," என்றாள், பெரிய உபகாரம் மாதிரி. எனக்கு வந்த கோபத்தில் அந்தக் கழுத்தை நெரித்திருப்பேன். ஆனால் மதில்மேல் தலைகள் தெரிந்தன. இவள் இன்னும் பத்தடி மேலே ஏறினால் அடுப்புகளைச் சுற்றி ஒரு குஞ்சும் இல்லை என்பதும் தெரிந்துவிடும்.

அந்த நேரம் மேட்டு விளிம்பில் கசிமிரோ தோன்றி, தன் முதுகுக்குப் பின்னால் இல்லாத ஆட்களை அதட்டினார். "ஏய், கவணக் கீழ போடுங்கடா. பொம்பளைங்க பேசிக்கிட்டிருக்காங்கல்ல. டேய் நெட்டை, ஒன்னத்தான்." ரெமெதியோஸ் நடுங்கிப்போய் என் பக்கத்தில் ஒண்டிக்கொண்டாள்.

அவள் வந்தது பனிக்கிழங்குக்காக. ஒரு மூட்டை வேண்டும். எங்கள் ஊர் விட்டுப்போன மூட்டை ஒன்று மேலே இருந்தது. சிமோனாவைத் திருப்பிக் கொடுங்கள், மூட்டையைத் தருகிறேன் என்றேன்.

"அவள அனுப்பிட்டா தண்ணி எடுக்கறது யாரு? குண்டு விழற எடத்துல நான் போய் நிக்கவா? அந்த முறையே ஒன் பேர்லதான் இருக்கு. நீ வராம தங்கச்சிய அனுப்பின. நான் ஏதாவது கேட்டேனா? அவ வேணும்னா நீ வா."

ஊரே சேணத்தைத் தின்கிறது, இவள் முறை பேசுகிறாள். காறித் துப்பியிருக்க வேண்டும். ஆனால் வெட்கக்கேடு, என் முறைதானே அது என்று உள்ளுக்குள் ஒன்று சொல்லிக்கொண்டே இருந்தது. முதுகில் பிள்ளை நெளிந்தது. நான் போனால் இது என்ன ஆகும்? மேலே புகை என்ன ஆகும்? போகாவிட்டால் சிமோனா என்ன ஆவாள்?

இதற்குள் கசிமிரோ இறங்கி வந்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டார். "இந்த முறைய ஒழிக்கத்தான் இத்தனை ஊரு சனமும் பனியில ஒக்காந்திருக்கு. அதையே கேட்டுக்கிட்டு மேடேறி வந்திருக்கு பாரு இந்த அம்மா," என்று சிரித்தார். பிறகு கொம்பைக் கழற்றி என் கையில் கொடுத்தார். "சரி, நான் வரேன். தண்ணிதான தூக்கணும்?"

ரெமெதியோஸ் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். குள்ளமாக இருந்தாலும் தோள் அகலம். தலையாட்டினாள்.

"அண்ணே, என்ன வெளையாட்டு இது?" என்று அவரைத் தனியே இழுத்தேன். "ஒங்களுக்கு எதுக்கு இது?"

"முறை மாத்திவிடத்தான என்னை அனுப்பிச்சாங்க? எந்த முறையா இருந்தா என்ன? இருபது நாள். அதுக்குள்ள ஒண்ணு நாம உள்ள போயிருவோம், இல்ல அவங்க வெளிய வந்துருவாங்க. புழுக்கைய ஊதி ஊதி என் கண்ணே போச்சும்மா, அங்க போய்க் கொஞ்சம் தண்ணி தூக்குறேன்."

வேறு காரணம் எதுவும் அவர் சொல்லவில்லை. நானும் இரண்டாவது தடவை தடுக்கவில்லை. அதை இங்கேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

முதலில் பெண் வெளியே, பிறகுதான் மூட்டை உள்ளே என்று கசிமிரோ பேரம் பேசினார். மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு திட்டிவாசலுக்கு வெளியே நின்றார். வாசல் காவலில் இருந்தவன் ரெமெதியோஸின் தங்கை மகன், அதனால் யாரும் எதுவும் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் கடுகு நிறப் பட்டு மேலாடையில் ஓர் எலும்புக்கூடு சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தது. கசிமிரோ அவளிடம் ஏதோ கேட்டார். அவள் பதில் சொன்னாள். அவர் உள்ளே போனார், கதவு சாத்திக்கொண்டது.

"என்னடி கேட்டாரு?" என்று அவளைத் தூக்காத குறையாக மேலே கொண்டுவந்த பிறகு கேட்டேன்.

"கொடம் பெருசா சின்னதான்னு கேட்டாரு. பெருசுன்னேன். 'எனக்குன்னு வந்து வாய்க்குது பாரு'ன்னாரு." பிறகு என் முதுகைப் பார்த்தாள். "அக்கா, இது யாரு?"

பிள்ளையை அவிழ்த்து அவள் மடியில் வைத்தேன். இரண்டு பேரும் அழுதோம். பிள்ளை அவளுடைய பட்டுநூலைப் பிடித்து இழுத்தது. கிழங்கைப் பாலில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டினேன். என் பாலைத்தான் பீய்ச்சினேன், வேறு பால் அங்கே ஏது? கண்ணில் கொஞ்சம் உயிர் வந்ததும் அவள் சுற்றிலும் பார்த்தாள்.

"நம்ம ஆளுங்க எங்க?"

"யாரும் இல்ல."

"புகை?"

"நான்தான்."

வாயைப் பிளந்துவிட்டாள். "தெனமும் காலைல எல்லாரும் மதில்ல ஏறி இந்தப் புகைய எண்ணிட்டு வந்து சிலுவை போட்டுக்குறாங்க அக்கா. நானும் எண்ணினேன். இதுல ஒண்ணு நம்ம அக்கா அடுப்புன்னு நெனச்சுக்குவேன்."

"எல்லாம் ஒங்கக்கா அடுப்புதான், எழுந்திரு," என்றேன்.

வீங்கிய காலோடு தவழ்ந்து தவழ்ந்து அவளும் அடுப்புகளை ஊதினாள். மறுநாள் அவள்தான் அந்த யோசனையைச் சொன்னாள். "கசிமிரோ அண்ணன் உள்ள இருக்காரு. இந்த நேரம் பாத்துப் புகை கொறஞ்சா இங்க ஆள் இல்லன்னு தைரியம் வந்து அவரப் போட்டு அடிப்பாங்க. நெறைய ஆள் இருக்குன்னு பயம் இருந்தாத்தான் அவருக்கு நல்லது." எனக்கும் அது நியாயமாகப் பட்டது. கல் பொறுக்கி இன்னும் நான்கு அடுப்பு மூட்டினோம். இருபத்தேழு. கோடு கிழித்த மாதிரி நேராக மேலே போன அந்தப் புகையைப் பார்த்து எனக்கு அவ்வளவு பெருமை. அவருக்காக நம்மால் முடிந்ததைச் செய்கிறோம் என்று இருவரும் அன்று சந்தோஷமாகவே ஊதினோம்.

அதற்கு அடுத்த நாள் சாக்காமார்க்கா வந்து சேர்ந்தது, கிழங்கு நாற்றம் அடிக்கும் கால்களோடு. கூடவே ஃபெர்மினாவும் வந்தாள். நெடுநெடுவென்று கசிமிரோவைவிட ஒரு சாண் உயரம். புருஷன் எங்கே என்று கேட்டவளிடம் நடந்ததைச் சொல்லிக் கொம்பைக் கொடுத்தேன். திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் மதிலைப் பார்த்தாள்.

"அந்த ஆளயா உள்ள விட்டாங்க? பேசிப் பேசியே கொன்னுருவாரு. பத்து நாள்ல அவங்களே கதவத் தொறந்து வெளிய தள்ளிருவாங்க, பாரு."

பத்து நாளில் கதவு திறக்கவில்லை. அதற்குப் பிறகு கொஞ்ச நாளில் தெற்கேயிருந்து வெள்ளைக்காரர்களின் பட்டாளம் வந்து எங்களைச் சிதறடித்தது. திரும்பவும் ஒரு தடவை வளைத்தோம், திரும்பவும் தோற்றோம். எத்தனையோ பேரைக் கொன்றார்கள், மிச்சமிருந்தவர்களில் பலரைத் தெற்கே வெள்ளிச் சுரங்கத்துக்கு ஓட்டிப்போனார்கள். எங்கள் ஊர் எப்படியோ தப்பியது. சிமோனா தப்பினாள், பக்கத்து ஊரில் வாழ்க்கைப்பட்டாள். கசிமிரோ மட்டும் எந்தப் பக்கமும் தென்படவில்லை. ஒவ்வொரு வருஷமும் கிழங்குச் சந்தையில் ஃபெர்மினா என்னைத் தேடிவந்து கேட்பாள், "ஏதாச்சும் தெரிஞ்சுதா?" நான் இல்லையென்று தலையாட்டுவேன், அவள் போய்விடுவாள்.

மூன்றாம் வருஷம் நகரத்தில் கூடிய அதே கிழங்குச் சந்தையில் ரெமெதியோஸ் என் கடை முன்னால் வந்து நின்றாள். உடம்பு தேறியிருந்தது. என்னை அடையாளம் தெரிந்தும் தெரியாத மாதிரி கிழங்கைப் புரட்டினாள். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"தண்ணி தூக்க வந்த எங்க அண்ணன் எங்க?"

சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னாள். உள்ளே இரண்டு மாதமாக ஒருவர் வாயிலும் கோகா இலை இல்லை. இவர் மறுநாளே தண்ணீர் வரிசையில் நின்று வாயாடியிருக்கிறார். பல்லெல்லாம் பச்சை. இலையைத் துப்பிவிட்டு உள்ளே போக வேண்டும் என்று அன்று எனக்கும் தோன்றவில்லை, அவருக்கும் தோன்றவில்லை. இலை இல்லாத வாயை எங்கள் சனம் எப்போது கண்டது? வெளியிலிருந்து வந்த வேவுகாரன் என்று பிடித்துக் கட்டிவிட்டார்கள். மேலே எத்தனை பேர் என்று படைத்தலைவன் கேட்டானாம்.

"'யாருமே இல்லய்யா, ஒரே ஒரு பொம்பளதான் கைப்புள்ளயோட இருக்கா, வேணும்னா போய்ப் பாருங்க'ன்னான்," என்றாள் ரெமெதியோஸ். "படைத்தலைவர் அவன மதிலுக்கு இழுத்துட்டுப்போய்ப் புகையக் காட்டி எண்ணுடான்னாரு. எண்ணினான். முந்தின நாள் இருபத்து மூணு, அன்னைக்கு இருபத்தேழு. புதுசா நாப்பது பேரு வந்திருக்காங்க, நம்மள வெளிய இழுத்துக் கொல்லப் பொய் சொல்றான்னு முடிவு பண்ணிட்டாங்க. அவன் அந்தப் புகையப் பாத்துச் சிரிச்சான். எதுக்குச் சிரிச்சான்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் புரியல. அன்னைக்கே சதுக்கத்துல தூக்குல போட்டுட்டாங்க."

அவள் கையை விட்டுவிட்டேன். அவள் எப்போது போனாள் என்று தெரியாது.

உண்மையைச் சொன்னார். அந்த உண்மையை நான் ஊதி ஊதிப் பொய்யாக்கினேன். போதாதென்று நான்கு அடுப்பு கூடுதலாக. ஆனால் அவரை நம்பியிருந்தால் அவர்கள் வந்து என்னையும் சிமோனாவையும் பிள்ளையையும் வெட்டிப் போட்டிருப்பார்களே. எங்களைக் காட்டிக்கொடுத்தாரா? வலி தாங்காமல் உளறினாரா? அல்லது எப்படியும் நம்பமாட்டார்கள் என்று தெரிந்தே, கடைசியாக ஒரு வேடிக்கை செய்து பார்த்தாரா? அவர்மேல் கோபப்படுவதா, காலில் விழுவதா என்று தெரியாமல் அன்று முழுக்கக் கடையில் உட்கார்ந்திருந்தேன். யார் என்ன விலை கேட்டார்கள், நான் என்ன சொன்னேன் என்று ஒன்றும் நினைவில்லை.

சாயங்காலம் ஃபெர்மினா வந்தாள். வழக்கம்போலக் கேட்டாள். "ஏதாச்சும் தெரிஞ்சுதா?"

இந்தத் தடவை தலையாட்ட முடியவில்லை. பக்கத்தில் உட்காரவைத்து, அவரைத் தூக்கில் போட்டுவிட்டார்கள் என்று சொன்னேன். அவள் அழவில்லை. முழங்காலைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

"நம்ம ஆளுங்களப் பத்தி எதாச்சும் சொல்லிட்டாரா?" என்று கேட்டாள். "காட்டிக்குடுத்துட்டாரா?"

அவள் கண்ணைப் பார்த்தபோது உண்மையைச் சொல்ல மனம் வரவில்லை. நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டுதான் சொன்னேன். "இல்லக்கா. என்ன அடிச்சும் ஒரு வார்த்த பேசலியாம். கடைசி வரைக்கும் வாயே தொறக்கலியாம்."

ஃபெர்மினா நிமிர்ந்தாள். பிறகு அவள் முகம் மெல்ல மலர்ந்தது.

"எங்க வீட்டு ஆளா? வாயே தொறக்கலியா?"

"ஆமாக்கா."

"அப்ப அது அவரு இல்ல," என்றாள். "வேற யாரையோ போட்டிருக்கானுங்க. நான் நெனச்சேன். தூங்கும்போதுகூடப் பேசற மனுஷன், கழுத்துல கயிறு விழும்போதா சும்மா இருப்பாரு? எனக்கு அப்பவே தெரியும்."

நான் வாயைத் திறந்தேன். அவள் அதற்குள் எழுந்து, போர்வையை உதறித் தோளில் போட்டு, மூட்டையை முதுகில் ஏற்றி முடிந்துகொண்டிருந்தாள். மூன்று வருஷமாக நான் பார்க்காத ஒரு சுறுசுறுப்பு அந்தக் கைகளில் இருந்தது.

"பட்டாளம் வந்தப்ப மிச்சமிருந்தவங்களச் சுரங்கத்துக்கு ஓட்டிட்டுப் போனாங்கல்ல? அதுல இருப்பாரு. எந்தப் பக்கம்மா அது? வடக்கா, தெற்கா?"

சொல்லியிருக்க வேண்டும். உட்காருக்கா, நான் சொன்னது பொய், அவர் கடைசி வரைக்கும் பேசினார் என்று சொல்லியிருக்க வேண்டும். அவள் என் பதிலுக்காகக் காத்துக்கொண்டு நின்றாள்.

நான் கையைத் தெற்கே நீட்டினேன்.